பள்ளிமுனைப் பெருக்கமரம்: 1477 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

போன கிழமை மன்னாருக்குப் போயிருந்தோம். பாலம் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் கழுதைகள், அடுத்தது கோட்டை, அதற்குள் மகன் "அந்தக் குண்டு மரம் எங்க?" என்று தொடங்கிவிட்டான். பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரத்துக்குக் (ஆங்கிலத்தில் baobab) கூட்டிப்போனேன். என் சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போய்ப் பார்த்த அதே மரம். அன்றைக்கு எனக்கு அது ஒரு யானை மண்டியிட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. வயது போனது எனக்கு மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லா இடத்திலும் சொல்லப்படுகிற கணக்கு இது: சுற்றளவு 19.5 மீட்டர், உயரம் 7.5 மீட்டர், அரபு வணிகர்கள் 1477இல் நட்டது. மகனுக்கு இதைச் சொன்னேன். அவன் கேட்டான்: "நட்டவர் எழுதி வச்சவரா?"

பதில் சொல்ல முடியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா? 1476 இல்லை, 1480 இல்லை, 1477. இவ்வளவு துல்லியமாக ஒரு ஆண்டு எப்படி வந்தது?

வேம்படி

உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே மரத்துக்கு "700 வருடப் பழமை" என்றும் சொல்கிறார்கள். 1477இல் நட்டிருந்தால் ஏறத்தாழ 550 வருடம்தான் ஆகிறது. 700 என்றால் 1300களின் தொடக்கத்துக்குப் போய்விடும். இடையில் 150 வருடம் இடிக்கிறது. இரண்டையும் ஒரே பந்தியில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், கூட்டிக் கழித்துப் பார்க்காமல்.

மரமண்டை

தாவரவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. பெருக்கமரத்துக்கு (அடான்சோனியா டிஜிடேட்டா) வயது சொல்வது சோதிடம் பார்ப்பதற்குக் கொஞ்சம் பக்கத்து வீடு.

தேக்கு, பைன் மாதிரி வளையம் எண்ண முடியாது. வளையங்கள் மங்கலாக இருக்கும், சில வருடம் உருவாகாமலே போகும், முதிய மரத்தில் உள்ளே எண்ணுவதற்கு மரமே இருக்காது, பொந்துதான். "சரி, சுற்றளவை வைத்துக் கணக்குப் போடலாமே" என்பீர்கள். அதுவும் உதைக்கும். இளமையில் கிடுகிடுவென்று பருக்கும், பிறகு மெதுவாகும். தண்டின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கடும் வறட்சியில் சுற்றளவு குறையக்கூடச் செய்யும். போதாததற்கு, நாம் ஒரே அடிமரம் என்று நினைப்பது பல தண்டுகள் வட்டமாக முளைத்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். நடுவே உள்ள வெற்றிடம் உளுத்துப்போன பொந்து அல்ல, ஆரம்பத்திலிருந்தே அங்கே மரம் இருந்ததில்லை.

உதாரணத்துக்கு, ஆப்பிரிக்காவின் கரிபா பகுதியில் வெட்டப்பட்ட ஒரு மரத்தை 1963இல் கதிரியக்கக் கார்பன் முறையில் பார்த்தார்கள். விட்டம் சுமார் 4.5 மீட்டர், வயது ஏறத்தாழ 1000 வருடம். மன்னார் மரத்தின் 19.5 மீட்டர் சுற்றளவை விட்டமாக்கினால் 6 மீட்டருக்கு மேல். நேர்க்கணக்குப் போட்டால் நம்ம மரம் 1300, 1400 வருடம் என்று வரும். அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த மரத்துக்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சனே இதில் வழுக்கி விழுந்தவர்தான். 18ஆம் நூற்றாண்டில் செனகல் கரையோரத் தீவில், பழைய மாலுமிகள் பட்டையில் பெயரும் ஆண்டும் செதுக்கிவிட்டுப் போன மரங்களைப் பார்த்தார். அதை வைத்துக் கணக்குப் போட்டு 5000 வருடத்துக்கு மேல் போய்விட்டார். அப்படியானால் நோவாவின் வெள்ளத்துக்கு முன்பே முளைத்திருக்க வேண்டுமே என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டையே நடந்தது.

ஆக 1477 சரியா தப்பா என்று மரத்தைக் கேட்டால் மரம் சொல்லாது. உள்ளிருந்து மாதிரி எடுத்துக் கார்பன் பார்க்க வேண்டும்.

எருக்கலம்பிட்டியான்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பிறந்தது மன்னார்த் தீவில், வளர்ந்தது புத்தளத்தில். ஏன் என்று இலங்கை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர், புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய மாதம்.

எங்கள் வாப்பா சொல்லுவார், அரபிகள் ஒட்டகத்துக்குத் தீனியாக இந்த மரத்தைக் கொண்டுவந்தார்கள் என்று. கழுதையையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்பார். சின்ன வயதில் கேட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள், "அப்ப ஒட்டகம் எங்க வாப்பா?" என்றேன். "மரத்தையும் கழுதையையும் விட்டிட்டு ஒட்டகத்தில ஏறிப் போயிட்டாங்க" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

புத்தளத்தில் அகதியாக இருந்த வீட்டில் எங்கள் ஊர் என்று காட்டுவதற்கு ஒரு போட்டோகூட இல்லை. உம்மா என் கொப்பியின் பின்பக்கத்தில் பேனையால் இந்த மரத்தைக் கீறிக் காட்டினார். அடி பெரிதாக, மேலே நாலு குச்சி. "இதுதான் மன்னார்" என்றார். 2000களில் திரும்பிப்போய்ப் பார்த்தபோது, உம்மா கீறிய அளவுக்கு அது குண்டு இல்லையே என்று ஒரு சின்ன ஏமாற்றம். பிறகு சுற்றி நடந்தேன். நடக்க நடக்க முடியவில்லை. உம்மா சரியாகத்தான் கீறியிருக்கிறார்.

ஆண்டு எனக்கு முக்கியமில்லை. ஆனால் அரபிகள் கொண்டுவந்தார்கள் என்பதைச் சும்மா கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

பழந்தாள்

தள்ளவில்லை சகோதரரே. ஆனால் இப்னு பதூதாவைக் கொஞ்சம் சாட்சிக்குக் கூப்பிடலாமா?

அவர் 1344இல் இலங்கைக்கு வந்தார். இறங்கியது புத்தளம் பக்கம். அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், முத்துகளைப் பார்த்தார், பாவாத மலைக்கு (சிவனொளிபாத மலை) போனார். எட்டு வருடம் கழித்து, 1352இல், சகாராவைக் கடந்து மாலிக்குப் போகிறார். வழியில் ராட்சத மரங்கள். ஒரு மரத்தின் பொந்துக்குள் ஒரு நெசவாளி தறி போட்டு நெய்துகொண்டிருந்ததைப் பார்த்து அசந்துபோய் எழுதுகிறார். அவை பெருக்கமரங்கள் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். இலங்கையிலும் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் "இதை நான் சிலோனில் கண்டேன்" என்று அந்த மனுஷன் எழுதாமல் விட்டிருப்பாரா? கண்டதையெல்லாம் ஒப்பிடுகிற ஆள் அவர்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்தது 1560. "1477" என்பது காமாவுக்கு 21 வருடம் முந்தியது. மரத்தைப் போர்த்துக்கேயர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது, அரபிகள் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று நினைத்த யாரோ போட்ட ஆண்டு மாதிரி எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

போர்த்துக்கேயரிடம் மொசாம்பிக் கரை இருந்தது. அங்கிருந்து ஆட்களையும் கொண்டுவந்தார்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரமும் அவர்களோடு வந்திருக்கக் கூடாதா?

எருக்கலம்பிட்டியான்

இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி மலைக்குப் போனார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவர் மன்னாருக்கு வரவே இல்லை. வராத ஆள் பார்க்காத மரத்தைப் பற்றி எழுதவில்லை என்றால் அது மரத்தின் குற்றமா? :)

முத்துக் குளிப்புக்கு மன்னார்க் கடலுக்கு எத்தனை நாட்டு ஆட்கள் வந்தார்கள். சலாபம், அதாவது முத்துக் குளிப்புக் காலம், முடியும்வரை கரையில் கிடந்தவர்கள். பைக்குள் இந்த மரத்தின் புளிப்புக் கொட்டை நாலு வைத்திருந்தவன் ஒருவன்கூடவா இல்லை?

பழந்தாள்

ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் நான் சறுக்கிவிட்டேன்.

வேம்படி

இவ்வளவு சுலபமாகத் தோல்வியை ஒத்துக்கொள்கிற ஆளை இந்தத் தளத்தில் முதல்தடவை பார்க்கிறேன்.

அலைமகன்7

ஒரு அப்பாவிக் கேள்வி. யாரும் கொண்டுவராமல் காய் கடலில் மிதந்து வந்திருக்கலாமே? தேங்காய் போல.

மரமண்டை

அப்பாவிக் கேள்வி இல்லை, நல்ல கேள்வி. காயின் ஓடு கெட்டி, மிதக்கும். இதன் சொந்தக்காரமரம் ஒன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் மட்டும் இருக்கிறது, அது அங்கே எப்படிப் போனது என்பதற்குக் கடல்வழி என்றும் ஒரு விளக்கம் உண்டு.

ஆனால் நம்ம பக்கத்து மரங்களைப் பாருங்கள். மன்னார், நெடுந்தீவு, இந்தியாவில் குஜராத் கரை, கோல்கொண்டா, கர்நாடகத்தில் சவனூர். துறைமுகம், கோட்டை, மடம், தர்கா. மனிதன் வாழாத கரையில் தானாக முளைத்துக் காடாகப் பரவியதாகக் காணோம். ஒருவன் கையால் நட்டு, நாலு பேர் ஆட்டுக்கு எட்டாமல் காத்த மரங்களின் சாயல் இது.

2015இல் ஒரு மரபணு ஆய்வு வந்தது. இந்தியப் பக்கத்து மரங்களை ஆப்பிரிக்க மரங்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு சுவாரசியமானது: ஒரே இடத்திலிருந்து ஒரே தடவையில் வந்தவை அல்ல. ஆப்பிரிக்காவின் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளிலிருந்து, பல தடவைகளில் வந்திருக்கின்றன. கிழக்குக் கரை மட்டுமல்ல, மேற்கு ஆப்பிரிக்கத் தொடர்பும் உண்டு. அரபு வணிகர், போர்த்துக்கேயர், அடிமையாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது.

"யார் கொண்டுவந்தது" என்று நாம் கேட்கும்போதெல்லாம் கப்பல் முதலாளியைத்தான் தேடுகிறோம். இலையைக் கறி வைக்கவும், காயின் மாவைக் கரைத்துக் குடிக்கவும், பட்டையில் கயிறு திரிக்கவும் தெரிந்தவன் கப்பலின் அடித்தட்டில் இருந்தவன். விதை அவன் மடியில் வந்திருக்கத்தான் எனக்கு அதிக வாய்ப்புத் தெரிகிறது.

உப்புக்காற்று

கடைசிப் பந்தியை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி.

சேதுக்கரை

ராமநாதபுரத்துக்காரன் நான். தலைமன்னாரிலிருந்து காக்கா பறந்தால் எங்க ஊருதான். தாத்தா காலத்துல 1914லேர்ந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடுச்சு, 1964 புயல்ல தனுஷ்கோடி போனதும் அந்த வழி போச்சு. அந்தக் கப்பல்ல கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர் அவர்.

எங்க பக்கம் இதைப் பெருக்கமரம்னு சொல்ல மாட்டோம். பொந்தன்புளின்னுதான் நான் கேட்டு வளர்ந்தேன். ஆனைப்புளின்னும் பேரு உண்டு. அகராதியைத் திறந்தா பப்பரப்புளின்னு இருக்கு. பப்பரம்ங்கிறது பழைய 56 தேசப் பட்டியல்ல வர்ற ஒரு அந்நிய தேசம். "வெளிநாட்டுப் புளி"ன்னு பேர்லயே ஒத்துக்கிட்டாங்க பாருங்க, நம்ம மரம்னு யாரும் பொய் சொல்லல.

அடுத்தது யானை. தமிழ்ல ஆனைப்புளி. சிங்களத்துல அலிகஹ, அதாவது யானை மரம். கோல்கொண்டாவுல இருக்கிற பெரிய மரத்துக்கு ஹாத்தியான் கா ஜாட், அதுவும் யானை மரம். சவனூர்ல மூணு மரம் நிக்கிற இடத்துக்குத் தொட்டஹுணசேமர மடம்னு பேரு, பெரிய புளியமர மடம். ஒருத்தரை ஒருத்தர் கேட்டா பேர் வச்சாங்க? பார்த்தவனுக்கு யானை, நக்கினவனுக்குப் புளி. அவ்வளவுதான் விஷயம்.

சவனூர் மரத்துல ஒண்ணு 2023 மழையில சாஞ்சுபோச்சு, தூக்கி மறுபடி நட்டாங்க.

வேம்படி

கோல்கொண்டா என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. மன்னார் மரத்தை "ஆசியாவிலேயே பெரியது" என்று எழுதுகிறார்களே, கோல்கொண்டா நயா கிலா மரத்தின் சுற்றளவு 27 மீட்டருக்கு மேல். 19.5 எங்கே, 27 எங்கே?

உப்புக்காற்று

ஐயோ, அதையும் பறித்துவிட்டீர்களா. இன்னும் என்ன மிச்சம்?

மரமண்டை

மிச்சம் இருக்கு. உயரம் 7.5, சுற்றளவு 19.5. உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் சுற்றளவு. ஆப்பிரிக்காவில் இந்த இனம் 20 மீட்டர் உயரத்தையும் தாண்டும். மன்னார் மரம் மேலே போகாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. கடற்காற்றும் உப்பும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பெரியதோ இல்லையோ, இப்படி ஒரு உருவம் அபூர்வம்.

அலைமகன்7

நெடுந்தீவு மரத்தையும் சொல்லுங்களேன். குறிகட்டுவானில் படகு பிடித்துப் போனால், அந்த மரத்தின் பொந்துக்குள் நாமே புகுந்து நிற்கலாம். போன தடவை நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம், ஐந்தாவதாக ஒரு ஆடு இருந்தது. வெளியே வர மறுத்துவிட்டது.

பழந்தாள்

மாந்தையையும் யோசிக்க வேண்டும். திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்துப் பழைய துறைமுகம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம். அங்கே அகழ்ந்தபோது மிளகு கிடைத்தது, கிராம்பும் கிடைத்தது. கிராம்பு அந்தக் காலத்தில் மொலுக்கா தீவுகளில் மட்டும் விளைந்தது. அவ்வளவு தூரத்துச் சரக்கு 1000 வருடம் முன்பே மன்னார்க் கரைக்கு வந்திருக்கிறது. கிழக்கிலிருந்து கிராம்பு வரலாம் என்றால் மேற்கிலிருந்து ஒரு புளிப்புக் கொட்டை வருவதற்கு 1477 வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதனால் மரம் 1000 வருடப் பழசு என்று நான் சொல்லவில்லை. வழி அப்போதே திறந்திருந்தது, அவ்வளவுதான்.

வேம்படி

நேற்று போர்த்துக்கேயர், இன்று மாந்தை. நாளை இராவணனா?

பள்ளிமுனை_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த மரத்தில இருந்து நடக்கிற தூரத்தில இருக்கிறனான். கடல்தொழில். ஒரு கிழமையா உங்கட சண்டையை வாசிச்சுக்கொண்டிருக்கிறன், நல்லாத்தான் இருக்கு. ஒண்டு ரெண்டு சொல்லலாமா?

பெருக்கமரம் எண்டு எல்லாரும் காலமை பத்து மணிக்கு வந்து படம் எடுத்திட்டுப் போறீங்கள். அது பூக்கிற காலத்தில பின்னேரம் வாங்கோ. பொழுது படத்தான் பூ விரியும். வெள்ளைப் பூ, கையளவு, தலைகீழாத் தொங்கும். இருட்டினாப் பிறகு வௌவால் வரும். விடிஞ்சு வந்தா வாடிக் கீழ கிடக்கும், அதில ஒரு புளிச்ச மணம் அடிக்கும். எங்கட அம்மம்மா லூசியா கோயில் பூசைக்குப் போற வழியில மூக்கைப் பொத்திக்கொண்டு போவா.

ரெண்டாவது, பெயர் செதுக்கிறது. போனமுறை ஒருத்தர் பெஞ்சாதியின்ர பெயரும் தன்ர பெயரும் போட்டு நடுவில இதயமும் கீறிக்கொண்டு நிண்டார். என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டா, "பழைய மாலுமிகளும் செதுக்கினவங்கள்தானே" எண்டார். இந்த இழையை வாசிச்ச ஆளோ தெரியாது. மரமண்டை அண்ணை, உங்கட அடான்சன் கதையால வந்த வினை.

மரமண்டை

அடப்பாவமே. அப்படி என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெருக்கமரத்தின் பட்டைக்கு உரித்தாலும் மூடி வளரும் குணம் உண்டு, ஆப்பிரிக்காவில் கயிறுக்காக உரித்த மரங்கள் பிழைத்து நிற்கின்றன. அதற்காகச் செதுக்கலாம் என்று அர்த்தமில்லை. இந்த மரம் சாகும்போது முன்னறிவிப்புத் தராது. உள்ளே நார்நாராக அழுகி, வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே ஒருநாள் அப்படியே சரிந்து உட்காரும். 2018இல் வந்த ஆய்வு ஒன்று, ஆப்பிரிக்காவின் மிக முதிய 13 பெருக்கமரங்களில் 9 மரம் 2005க்குப் பிறகு முழுதாகவோ பகுதியாகவோ செத்துவிட்டன என்று சொன்னது. அதில் ஜிம்பாப்வேயின் பாங்கே மரம் 2400 வருடத்துக்கு மேல் இருந்தது.

அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து போடுவதும், வேர் மேலே வாகனம் நிறுத்துவதும்தான் எனக்குச் செதுக்குவதைவிடப் பயம்.

பள்ளிமுனை_பொடியன்

அதை ஊரில சொல்றன். சொன்னாக் கேப்பாங்களோ தெரியாது. மூண்டு சக்கரம் நிப்பாட்ட நிழல் வேணும், கண்டியளோ.

உப்புக்காற்று

தம்பி, உங்களிடம் ஒரு உதவி. 19.5 என்று எல்லோரும் எழுதுகிறோம், எங்களில் யாரும் அளந்ததில்லை. ஒரு கயிறு கட்டிப் பார்க்க முடியுமா?

பள்ளிமுனை_பொடியன்

கயிறுக்கு இங்க பஞ்சமோ. ஞாயிறு பாப்பம்.

பள்ளிமுனை_பொடியன்

ஞாயிறு பூசை முடிய போனனான். வள்ளத்தில கிடந்த 50 அடிக் கயிறைக் கொண்டுபோய்ச் சுத்தினன். காணாது! கடைசியில ஒரு பெரிய இடைவெளி. பந்தடிச்சுக்கொண்டிருந்த பொடியளைக் கூப்பிட்டன். மூண்டு பேர் கையை விரிச்சு மரத்தோட ஒட்டி நிண்டாங்கள், அப்பதான் கயிற்றின்ர ரெண்டு நுனியும் அவங்கட கைக்குள்ள வந்திச்சு. படம் எடுத்திருக்கிறன், இரவு போடுறன்.

வேம்படி

பத்துப் பதினொரு வயதுப் பையன் என்றால் விரித்த கை நாலரை அடி வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் 13.5. கயிறு 50. மொத்தம் 63.5 அடி. 19.5 மீட்டர் என்பது 64 அடிக்கு ஒரு விரல் கூட குறைய. அந்த அளவை எழுதியவர் உண்மையிலேயே அளந்திருக்கிறார் போல.

எருக்கலம்பிட்டியான்

மாஷா அல்லாஹ். அந்தப் படத்தைப் போடும்போது எனக்கும் தனியாக ஒன்று அனுப்புங்கள் தம்பி. உம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

மரமண்டை

எல்லாம் சரி, எந்த உயரத்தில் கட்டினீர்கள்? அடியில் ஒரு அளவு வரும், மேலே வேறு அளவு வரும். தரையிலிருந்து 1.3 மீட்டர், நெஞ்சு உயரத்தில் கட்டுவதுதான் முறை.

பள்ளிமுனை_பொடியன்

நெஞ்சு உயரத்திலதான் அண்ணை. ஆனா பொடியள்ர நெஞ்சு.